அமோனியாவுக்கு ஒரு கணக்கு, பிரிடினுக்கு ஒரு கணக்கு

சன்னலைக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கிடுவோமா அண்ணாச்சி? உங்களுக்குக் காத்து ஒத்துக்கிடாதுன்னா வேண்டாம். எனக்கு என்னமோ காலைலேர்ந்து உக்காந்தா எந்திரிக்கணும்போல இருக்கு, எந்திரிச்சா உக்காரணும்போல இருக்கு. நீங்க எது வரைக்கும்? செங்கோட்டையா? நல்லதாப் போச்சு.

நான் சங்கரன்கோவில்ல பந்தல் கடை வச்சிருக்கேன். ஆவுடையப்பன் பந்தல்னு கேட்டா சின்னப்பிள்ளை கூட கையைக் காட்டும். சேர், மேசை, பாத்திரம், சமையலுக்கு ஆளு, எல்லாம் நாமதான். எத்தனையோ கல்யாணத்தை முன்ன நின்னு நடத்துன கை அண்ணாச்சி இது. என் அக்கா மவன் கல்யாணத்தை மட்டும் நடத்த முடியாமப் போச்சு. எதுனாலன்னு சொன்னா சிரிப்பிய. நகை இல்ல, சீர் இல்ல, சாதகம் இல்ல. ஒரு நம்பர். ஒரு நம்பருக்காக நின்னுச்சு.

முன்னால பச்சைச் சேலை தெரியுதுலா? அதான் எங்க வீட்டுக்காரி, சண்முகத்தாய். என் பக்கத்துல இடம் கிடந்துச்சு, பாத்தியள்லா, நீங்க ஏறும்போது காலியாத்தானே இருந்துச்சு? அங்க போய் உக்காந்துக்கிட்டா. பொம்பளையாளு சீட்டாம். சரி, இருந்துட்டுப் போறா.

என் மருமவன் பேரு கோமதிநாயகம். நாயகம்னு கூப்பிடுவோம். மெட்ராஸ்ல ஒரு பெரிய காலேஜ்ல டாக்டர் பட்டத்துக்குப் படிச்சான். ஊசி போடுற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி. அங்க அதே லேப்ல தென்காசிப் பிள்ளை ஒண்ணு, உலகம்மைன்னு பேரு. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. எங்க அக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. அவங்க வீட்டுலயும் மொதல்ல சம்மதிக்கல. யாரு பேசுனது? நான்தான். அங்கயும் இங்கயும் அலைஞ்சு, ஒத்துக்க வச்சு, நிச்சயம் முடிச்சு, மண்டபம் சொல்லி, சமையலுக்கு ஆளும் சொல்லியாச்சு. அப்பதான் இவன் போன் பண்ணுதான். “மாமா, உலகம்மை பிரச்சினை பண்ணுதா.”

என்னல பிரச்சினைன்னேன். சொல்லுதான், சொல்லுதான், எனக்கு ஒரு எழவும் விளங்கல. பொறவு நேர்ல போய்க் கேட்டுத்தான் எனக்கே பிடிபட்டுச்சு. சொல்லுதேன், கேளுங்க. சுருக்கமாத்தான்.

சியோலைட்டுன்னு ஒரு மாவு. வெள்ளை வெளேர்னு இருக்கும், கோலப்பொடின்னே நினைச்சுக்கோங்க. ஆனா உள்ளுக்குள்ள பூரா ஓட்டையாம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. பெரிய தெருவும் உண்டு, தெருவுக்குப் பக்கவாட்டுல சின்னச் சின்னச் சந்தும் உண்டு. அந்தத் தெருவுலயும் சந்துலயும் அங்கங்க சில இடத்துல மட்டும் ஒரு சக்தி. எண்ணெயை அது வழியா விட்டா அந்த இடத்துல மாட்டிப் பெருசு சிறுசா உடையுமாம். அதை வச்சுத்தான் பெட்ரோல் கம்பெனிக்காரன் பொழப்பே ஓடுது. அப்ப அவனுக்கு என்ன தெரியணும்? இந்த மாவுல அப்படி வேலை நடக்கிற இடம் எத்தனை இருக்குன்னு தெரியணும். அதை எண்ணிச் சொல்லுததுதான் இவங்க ரெண்டு பேருக்கும் படிப்பு.

எப்படி எண்ணுவாவ? கண்ணால பாக்க முடியாதுலா. அதனால ஏதாவது ஒண்ணை உள்ள விடுதாவ. அது போய் அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கிடும். பொறவு ஒரு வெளிச்சம் அடிக்காவ, அகச்சிவப்புன்னு பேரு, அதுவும் நம்ம கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல மலை மாதிரி ஒரு கோடு எந்திரிக்கும். மலை உசரமா இருந்தா நிறைய பேரு உக்காந்திருக்கான். குட்டையா இருந்தா கொஞ்சப் பேரு. அவ்வளவுதான் சங்கதி.

நம்ம நாயகம் அமோனியா விட்டு எண்ணுனான். நல்ல பெரிய கணக்கு வந்துச்சு. ஒரு கம்பெனிக்காரன், பேரு எதுக்கு, “இந்த அறிக்கையைக் கொடு, உனக்கு எங்ககிட்டயே வேலை”ன்னுட்டான். யோகத்தைப் பாருங்க. கல்யாணத்துக்கு முந்தி வேலை! அந்த நேரம் பாத்து இந்தப் பிள்ளை என்ன செஞ்சா? அதே மாவை எடுத்து, அமோனியாவுக்குப் பதிலா பிரிடின்னு ஒண்ணை விட்டு எண்ணுனா. பாதிதான் வந்துச்சு.

அமோனியா விட்டா முழுசு. பிரிடின் விட்டா பாதி. அதே மாவு. என்ன செய்ய?

அவ சொல்லுதா, ரெண்டையும் அறிக்கையில எழுதுன்னு. இவன் சொல்லுதான், ரெண்டையும் எழுதுனா கம்பெனிக்காரன் ஏன்னு கேப்பான், பெருசை மட்டும் எழுதுவோம்னு. ரெண்டு பேருக்கும் மேல ஒரு மேடம் இருக்காவ, அவங்கதான் கையெழுத்துப் போடணும். அவங்க, “ஏன் பிரிடின் கணக்கு இல்லை?”ன்னு கேட்டிருக்காவ. இவன் எல்லாருக்கும் முன்னால, “உலகம்மை மாவைச் சரியாக் காய வைக்கல மேடம், ஈரத்தோட அளந்துட்டா”ன்னு சொல்லிட்டான்.

அட, ஒரு பேச்சுக்குச் சொன்னது. கட்டிக்கிடப் போறவதானேன்னு ஒரு உரிமையில சொன்னது. அதுக்கு அந்தப் பிள்ளை அன்னைக்கிலேர்ந்து அவன்கிட்டப் பேசல.

நான் ரயில் ஏறிட்டேன். எத்தனை சம்பந்தி சண்டை பாத்தவன் நான். பாயசத்துல முந்திரி கொறைஞ்சுபோச்சுன்னு மாலையைக் கழட்டுன மாப்பிள்ளையைச் சமாதானம் பண்ணி மணையில உக்கார வச்சவன் அண்ணாச்சி. இது என்ன பிரமாதம்னு போனேன்.

இது என்ன ஊரு? சேந்தமரமா? இன்னும் சுரண்டை வரலையா? இவன் என்ன மாட்டு வண்டி ஓட்டுதானா.

லேப்புக்குப் போனா அந்தப் பிள்ளை வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கா. “வாங்க மாமா”ன்னா. மரியாதையில ஒரு கொறை சொல்ல முடியாது. சேர் எடுத்துப் போட்டா. அங்க ஒரு சின்னப் பாட்டில் இருந்துச்சு. எடுத்துத் தொறந்தேன். “வேண்டாம் மாமா!”ன்னு கத்துதா. அதுக்குள்ள மோந்துட்டேன். ஐயோ, என்ன நாத்தம்! மீனு அழுகுனா எப்படி இருக்கும், அதுக்கு மேல. அதான் பிரிடினாம். ஊருக்கு வந்து குளிச்ச பொறவும் மூக்குல அதே நாத்தம். எங்க வீட்டுக்காரி சட்டையைத் தொட மாட்டேன்னுட்டா.

“தாயி, என்னம்மா இது, நல்ல காரியத்தை வச்சுக்கிட்டு”ன்னு ஆரம்பிச்சேன்.

“மாமா, மொதல்ல இதைப் பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க”ன்னா.

மாவை அழுத்தி அப்பளம் மாதிரி ஒரு வில்லை செஞ்சு வச்சிருந்தா. ஊதுனா ஒடைஞ்சிரும், அவ்வளவு மெலிசு. அதைக் கண்ணாடிக் குழாய்க்குள்ள வச்சு, காத்தைப் பூரா உறிஞ்சி எடுத்து, ராத்திரி பூரா சூட்டுல கிடத்தி வச்சிருந்திருக்கா. நான் வாரேன்னு தெரிஞ்சு எனக்குக் காட்டுததுக்காகவே செஞ்சிருக்கா பாருங்க. கம்ப்யூட்டர்ல ஒரு கோட்டைக் காட்டுனா. “இது அந்த இடங்களோட சொந்தக் கோடு மாமா. எந்த இடத்துல ஆளு வந்து உக்காந்தாலும் இந்தக் கோடு அந்த அளவுக்குக் கொறையும்”னா. பொறவு பிரிடினைக் கொஞ்சமாத் தொறந்து விட்டா. நான் பாக்கப் பாக்க ஒரு பக்கம் புதுசா ஒரு மலை எந்திரிக்கி, இந்தப் பக்கம் அந்தச் சொந்தக் கோடு எறங்குது. எறங்குது, எறங்குது, பாதியில நின்னுபோச்சு. அவ இன்னும் விடுதா. அசையலை.

“பாத்தீங்களா மாமா? மீதி அப்படியே நிக்கி. இது யாரும் தொடாத இடம். ஈரமா இருந்தா இந்தக் கோடு இவ்வளவு சுத்தமா நிக்காது. அமோனியா சின்னது, எல்லாச் சந்துக்குள்ளயும் போயிரும். அதை விட்டா இந்தக் கோடு மொத்தமும் காணாமப் போகும். பிரிடின் பெருசு. தெருவுல போகும், சந்துல நுழையாது.”

“அப்ப அவன் சொல்லுததும் சரி, நீ சொல்லுததும் சரி. பொறவு எதுக்குத் தாயி சண்டை?”ன்னேன்.

அவ சிரிச்சா. “நீங்க பந்தி வைக்கிறவங்கதானே மாமா. ஒரு மண்டபத்துல பாதி நாற்காலி ஒரு இடுக்குக்குள்ள கிடக்குன்னு வச்சுக்கோங்க. சின்னப்பிள்ளைங்க நுழைஞ்சு உக்காந்துரும், பெரியாளு போக முடியாது. இந்த மண்டபத்துல எத்தனை பேரு சாப்பிடலாம்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“யாரு சாப்பிட வாரான்னு கேப்பேன்”னேன்.

“அதேதான் மாமா! கம்பெனிக்காரங்க விடப்போற எண்ணெய் பெருசு. சந்துக்குள்ள போகாது. அமோனியா கணக்கை மட்டும் கொடுத்தா அவங்க ஏமாந்துருவாங்க. உங்க மருமகனுக்கும் அது தெரியும். நல்லாத் தெரியும்.”

பாத்தியளா, நான் படிக்காதவன், சட்டுனு சொல்லிட்டேன். அந்தப் பிள்ளைக்கே முகம் மலர்ந்துபோச்சு. இந்த நேரத்தை விட்டா கிடைக்காதுன்னு நினைச்சேன். எந்திரிச்சு நின்னு, நல்லாப் பொறுமையா, ஒரு தகப்பன் சொல்லுத மாதிரி சொன்னேன். “தாயி, உன் கணக்கு சரி. நான் ஒத்துக்கிடுதேன். ஆனா இப்ப வேண்டாம். தாலி ஏறட்டும். அவன் வேலையில உக்காரட்டும். கல்யாணத்துக்குப் பொறவு எல்லாம் எழுதிக்கிடலாம்.”

அவ என்னையே பாத்தா. “கல்யாணத்துக்குப் பொறவு எழுதச் சொல்லுவீங்களா மாமா?”ன்னா.

நான் சிரிச்சுக்கிட்டே, “அதுக்குப் பொறவு என்னத்துக்குத் தாயி? அவன் சம்பாத்தியம் உன் சம்பாத்தியம், அவன் பேரு உன் பேரு. ரெண்டு கணக்கும் ஒரே வீட்டுக் கணக்காயிரும்லா”ன்னேன்.

எப்படிச் சொன்னேன் பாத்தியளா? அந்த இடத்துல அதை விடப் பொருத்தமா ஒருத்தன் சொல்ல முடியுமா? அவ மிஷினை நிப்பாட்டுனா, கையைக் கழுவுனா, கீழ கூட்டிட்டுப் போய்க் காபி வாங்கிக் கொடுத்தா. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து ஏத்தி விட்டா. “பாத்துப் போங்க மாமா”ன்னா. முடிஞ்சுது காரியம்னு நாயகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்.

இதைத்தான் வீட்டுல வந்து சண்முகத்தாய்கிட்டச் சொன்னேன். சாப்பாடு போட்டுக்கிட்டு இருந்தா. “கல்யாணத்துக்குப் பொறவு என்னத்துக்குன்னு கேட்டேன், பிள்ளை வாயடைச்சுப்போச்சு”ன்னேன். கரண்டியைக் குழம்புச் சட்டியில போட்டுட்டா.

“அந்தப் பிள்ளைகிட்ட இப்படியா சொன்னிய?”

“ஆமா. ஏன்?”

“அது என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லல. காபி வாங்கிக் கொடுத்துச்சு.”

“அப்ப முடிஞ்சுபோச்சு”ன்னுட்டு உள்ள போயிட்டா. ரசம் ஊத்த வரல அண்ணாச்சி. நானே எந்திரிச்சு ஊத்திக்கிட்டேன். நான் என்ன ஊர்ல இல்லாததையா சொன்னேன்? எங்க கல்யாணத்தப்ப இவளுக்குப் பஞ்சாயத்து ஆபீசுல டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. கல்யாணம் முடியட்டும், பொறவு பாப்போம்னுதான் சொன்னேன். பொறவு எங்க பாக்க, பிள்ளைங்க, கடை... நல்லாத்தானே இருக்கா? என்ன கொறை? இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை அதைப் பத்தி அவ பேசுனது கிடையாது. கேட்டுப் பாருங்க.

சுரண்டை வந்துருச்சு. டீ குடிக்கியளா? வண்டி நிக்காதா? சரி விடுங்க.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை அவங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்கு வந்துட்டா. நிச்சயச் சேலையை மடிச்சுப் பையில வச்சுக் கொண்டாந்திருந்தா. அவங்க அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்காரு. பேசுனது பூரா அவதான்.

“அத்தை, எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லை. நான் அளந்தது சரின்னு தெரிஞ்சே அவரு தப்புன்னு மேடம்கிட்டச் சொன்னாரு. நாளைக்கும் சொல்லுவாரு. என்னால அதோட இருக்க முடியாது”ன்னா.

நான் விடுவேனா? “எம்மா, மண்டபம் சொல்லியாச்சு, ஊரு பூரா பத்திரிகை கொடுத்தாச்சு, ஒரு நாத்தம் பிடிச்ச பாட்டிலுக்காக ரெண்டு குடும்பத்தைத் தலைகுனிய வைக்கியே”ன்னு சத்தம் போட்டேன். நல்லாவே சத்தம் போட்டேன். நாயகம் கதவுப் பக்கம் நிக்கான். ஏல, ஒரு வார்த்தை பேசு, என் பக்கம் பேசுன்னு பாக்கேன். அவன் என்ன சொல்லுதான்? “மாமா, சத்தம் போடாதீங்க”ங்கான். என்னைப் பாத்து! இவனுக்காகத்தானே தொண்டை கிழியக் கத்துதேன்!

அவ போயிட்டா. இவ, என் வீட்டுக்காரி, தெரு முக்கு வரைக்கும் கூடவே போய் வழியனுப்பிட்டு வாரா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

அதோட நின்னா பரவாயில்ல. இந்தப் பய, நாயகம், மெட்ராஸ் போனான். போய் அந்த மேடம்கிட்ட, “உலகம்மை அளந்தது சரி, நான் பொய் சொன்னேன்”னு சொல்லிட்டான். கம்பெனிக்காரனுக்கு ரெண்டு கணக்கையும் எழுதி அனுப்பிட்டான். கம்பெனிக்காரன், “நல்லது, சொல்லி அனுப்புதோம்”னான். இன்னைக்கு வரைக்கும் சொல்லி அனுப்பிக்கிட்டே இருக்கான். இப்ப இவன் சிவகாசியில ஒரு காலேஜ்ல வாத்தியாரா இருக்கான். பொண்ணும் போச்சு, வேலையும் போச்சு.

நான் போன் போட்டேன். “ஏல, இதை அன்னைக்கே செஞ்சிருந்தா கல்யாணமாவது நடந்திருக்கும்லா? இப்பச் சொல்லி என்ன பிரயோசனம்? சரி, சொன்னது சொல்லிட்ட, அவகிட்டயாவது சொன்னியா?”ன்னேன்.

“சொல்லிட்டேன் மாமா.”

“என்ன சொன்னா?”

“நல்லதுன்னா.”

“பொறவு?”

“அவ்வளவுதான் மாமா.”

“அவ்வளவுதானா? அவளுக்காகத்தானேல இவ்வளவும் செஞ்ச?”

“அவளுக்காக இல்ல மாமா. இப்ப எனக்குத் தூக்கம் வருது”ங்கான். மத்தியானம் பேசுதேன், தூக்கம் வருதாம்! இது ஒரு பதிலா? நீங்க சொல்லுங்க. பொண்ணு பாத்து வச்சிருக்கேன், ரெண்டு நல்ல இடம், போட்டோ அனுப்புனேன். பாத்தானா இல்லையான்னு கூடச் சொல்ல மாட்டேங்கான்.

இருங்க, முன்னால எங்க வீட்டுக்காரி பை விழப்போகுது. பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, என்னென்னமோ கட்டி வச்சிருக்கா. யாருக்குங்கிய? அந்த உலகம்மைக்குத்தான். அது படிப்பை முடிச்சுருச்சாம். ஜெர்மனிக்குப் போகுதாம், அங்கயும் இதே மாவுதான், இதே வெளிச்சம்தான். இவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாளும் போன்ல பேசிக்கிட்டு இருந்திருக்கா! என் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, எனக்குத் தெரியாம. முந்தாநாளு சொல்லுதா, “நான் தென்காசிக்குப் போறேன், அந்தப் பிள்ளை கிளம்புறதுக்குள்ள பாக்கணும்”னு. நானும் வாரேன்னேன். “எதுக்கு?”ன்னா. எதுக்குன்னா? நான் பேசி முடிச்ச சம்பந்தம் அண்ணாச்சி! என்னை விட யாருக்கு உரிமை? இப்பதான் அவன் ரெண்டு கணக்கையும் எழுதிட்டான்லா, இனி உனக்கு என்ன தாயி கொறைன்னு நேர்ல ஒரு வார்த்தை கேட்டா மனசு மாறாதா? பொம்பளைப் பிள்ளை, எத்தனை நாளைக்கு வீறாப்பு?

அதுக்கு இவ டிக்கெட் எடுக்கும்போது என்ன செஞ்சா தெரியுமா? தனக்குத் தென்காசி, எனக்குச் செங்கோட்டை. கண்டக்டர் முன்னாலயே, “உங்க சிநேகிதர் மர வியாபாரி இருக்காருலா, பாத்துட்டு வாங்க. திரும்பும்போது சேந்து வருவோம்”னுட்டா. ஆளுக முன்னால என்ன பேச? வாங்கிப் பையில வச்சுக்கிட்டேன்.

ஆனா நான் இறங்கத்தான் போறேன். டிக்கெட் செங்கோட்டைக்குன்னா தென்காசியில இறங்கக் கூடாதுன்னு சட்டமா?

வந்துருச்சு. தென்காசி பஸ் ஸ்டாண்டுதானே? இவ பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டா, திரும்பிக் கூடப் பாக்கல. அதோ... அங்க கடை ஓரமா நிக்குது பாருங்க, ஊதா சுடிதார். அதான் உலகம்மை. இளைச்சுப்போச்சு. இவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கி. ரெண்டு பேரும் அழுவுதாவளா? சிரிக்காவளா? இங்கேருந்து தெரியல. என்னைப் பாத்துட்டா. பாத்துட்டா அண்ணாச்சி, இங்கதான் வாரா. நீங்க கொஞ்சம் காலை ஒதுக்குங்க...

வா தாயி. நல்லா இருக்கியா? ... ம். ஆமா. இறங்கலையான்னா... இல்ல தாயி, செங்கோட்டைக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். ஒரு சிநேகிதரைப் பாக்கணும். ... சரி. சரி தாயி. பாத்துப் போயிட்டு வா.

போறா. கையைக் கூடப் பிடிச்சா பாத்தியளா, சன்னல் வழியா. மரியாதையில கொறை சொல்ல முடியாது. எனக்குத்தான், எவ்வளவோ பேசணும்னு வந்தேன், வாயில அதுதான் வந்துச்சு, செங்கோட்டைன்னு.

வண்டியை எடுத்துட்டான். ஒரு தடவைதான் அண்ணாச்சி கேட்டா. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்திய? “இறங்கலையா மாமா?”ன்னு ஒரே ஒரு தடவை. வயசுல பெரியவன், பேச்சுக்காவது ரெண்டாவது தடவை கேட்டிருக்கலாம்லா? கேட்டிருந்தா இறங்கியிருப்பேன்.